பிணம் பிரபுவாகிய வரலாறு

ஆங்கில இலக்கியத்திற் ‘கொதிக்’ எனப்படும் அச்சச்சுவை நாவல்களைக் கற்போர், இரத்தக்காட்டேரி என்றதும் டிராகுலா பிரபுவையே நினைவர். பாழடைந்த மாளிகை, கரிய மேலாடை, வெளிறிய முகம், கூரிய பல் என்பனவே அப்பேயின் இலக்கணம் எனக் கருதுதல் வழக்கமாயிற்று. ஆயின் ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கையிற் காணப்படும் ‘வாம்பயர்’ பிரபுவுமன்று; மாளிகையில் வாழ்ந்ததுமன்று. அஃது அண்மையில் இறந்து அடக்கஞ் செய்யப்பட்ட அயல்வீட்டுக் குடியானவனின் பிணமேயாகும். அப்பிணம் பிரபுவாகிய வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

1718ஆம் ஆண்டு உடன்படிக்கையொன்றினால் வடசேர்பியா துருக்கியரிடமிருந்து ஒஸ்திரியப் பேரரசின் கைப்பட்டது. அங்குச் சென்ற அரச அலுவலர் வியப்பிற்குரிய வழக்கமொன்றைக் கண்டனர். 1725இற் கிசிலோவா என்னுஞ் சிற்றூரிற் பேதர் பிளகோயெவிச் என்பான் இறந்தபின், எட்டு நாள்களுள் ஒன்பதின்மர் மாண்டனர். இறந்தவன் உறக்கத்தில் வந்து தம்மை நெரித்தான் என அவர்கள் மரணப்படுக்கையிற் கூறினராம். கல்லறையைத் திறக்க ஊரவர் அனுமதி வேண்டினர். மறுப்பின் ஊரைவிட்டே நீங்குவோம் என்றனர். பிணம் பெரிதும் அழியாதிருந்ததையும், தாடியும் நகமும் வளர்ந்தனபோற் காணப்பட்டதையும், வாயிற் குருதி இருந்ததையும் உடன்சென்ற அலுவலர் தம் அறிக்கையிற் குறித்தார். ஊரவர் பிணத்தின் மார்பில் மரமுளை அறைந்து, அதனை எரித்தனர். அவ்வறிக்கை அவ்வாண்டே வியன்னாச் செய்தித்தாளில் வெளியாயிற்று. மெத்வெஜா என்னும் மற்றோர் ஊரில் இராணுவ வைத்தியர் செய்த சோதனையின் அறிக்கை 1732இல் ஐரோப்பாவெங்கும் பரவ, ‘வாம்பயர்’ என்னுஞ் சொல் ஆங்கிலச் செய்தித்தாள்களிலும் வழங்கலாயிற்று.

இவ்வாறு எழுதியோர் பொய் கூறினாரல்லர். அவர்கள் கண்ட காட்சி மெய். அதற்குக் கொண்ட காரணமே பிழை. பிணம் அழியுங்கால் உடலினுள்ளே வாயு தோன்றி வயிற்றை வீங்கச் செய்யும். அவ்வாயுவின் அழுத்தத்தாற் குருதி கலந்த நீர் வாய் மூக்கு வழியே வெளிப்படும். தோல் வற்றிச் சுருங்குதலால் நகமும் மயிரும் நீண்டனபோலத் தோன்றும். மேற்றோல் கழன்றவிடத்து உட்டோல் புதிதுபோலக் காணப்படும். மார்பில் முளை அறையுங்கால் வாயு தொண்டை வழியே வெளியேற, பிணம் அலறியதென மக்கள் அஞ்சினர். குளிர்நாட்டு மண்ணிற் பிணம் விரைவில் அழியாமையும் அவர்தம் ஐயத்தை வலுப்படுத்தியது.

இனி, கல்லறையைத் திறக்க அவர்களைத் தூண்டியது யாது? தொற்றுநோயே எனலாம். ஒரு வீட்டில் ஒருவர் இறக்க, அவரைத் தொடர்ந்து மற்றையோரும் நலிந்து மடிவர். நோய் தொற்றும் வழியை அறியாத மக்கள், முன்னர் இறந்தவரே பின்னுள்ளோரை அழைக்கின்றார் எனக் கொண்டனர். 1755இல் மொறாவியாவிற் பெண்ணொருத்தியின் பிணம் தோண்டி எரிக்கப்பட்டமை கேட்ட பேரரசி மரியா தெரேசா, வைத்தியரை அனுப்பி உண்மையறிந்தார். அரண்மனை வைத்தியர் வான் சுவீற்றன் இது வெறும் மூடநம்பிக்கையே என நிறுவ, அரச அனுமதியின்றிக் கல்லறை திறத்தல் தடுக்கப்பட்டது.

எனினும் சட்டத்தாலும் அறிவியலாலும் அச்சம் உடனே அகன்றிலது. சயரோகக் கிருமியை றொபேட் கொக் 1882இற் கண்டறிந்தார். பத்தாண்டு கழித்து, 1892இல், அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் அந்நோயால் இறந்த மேர்சி பிறவுண் என்னும் பத்தொன்பது வயது நங்கையின் பிணத்தைத் தோண்டினர். அவளது இதயத்தை எரித்து, அச்சாம்பலை நீரிற் கலந்து, நோயுற்றிருந்த அவள் சகோதரனுக்கு மருந்தென ஊட்டினர். இரண்டு திங்களுள் அவனும் மாண்டான்.

இலக்கியம் வேறு வழிச் சென்றது. 1816ஆம் ஆண்டு வேனிலில் ஜெனீவா ஏரிக்கரையிற் பைரன், ஷெல்லி முதலியோர் பேய்க்கதை புனைய முற்பட்டனர். மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்ரைன்’ அங்கேயே கருக்கொண்டது. பைரனின் வைத்தியரான பொலிடோரி அவ்வேளை எழுந்த கருவொன்றினின்றும் ‘வாம்பயர்’ என்னுங் கதையை எழுதினார். 1819இல் அது பைரனின் பெயரிலேயே வெளியாயிற்று. அக்கதையின் றூத்வென் பிரபு பைரனையே நினைவூட்டினான். பிணம் பிரபுவாயது இங்கேதான். 1872இல் லெ பானு ‘கார்மில்லா’வையும், 1897இற் பிராம் ஸ்ரோக்கர் ‘டிராகுலா’வையும் அளித்தனர். திரான்சில்வேனியாவை நேரிற் காணாத ஸ்ரோக்கர், நூலகத்திற் கண்ட வரலாற்று நூலொன்றிலிருந்தே அப்பெயரைப் பெற்றார். ஏழை அயலான்மீது சுமத்திய பழி, பிறர் குருதியில் வாழும் செல்வன்மீதும், தலைநகரிற் புகும் அந்நியன்மீதும் சென்றது.

திரைப்படம் மேலும் சில மாற்றஞ் செய்தது. ஸ்ரோக்கரின் டிராகுலா பகலிலும் உலாவுவான். கதிரொளியால் அப்பேய் அழியும் என்னுங் கருத்து 1922இல் வெளிவந்த ‘நொஸ்பெராத்து’ என்னுஞ் செர்மானியப் படத்தால் நிலைபெற்றது. அப்படத்திற் பேயோடு எலிகளும் கொள்ளைநோயும் நகருட் புகுவது, நம்பிக்கையின் பழைய வேரையே நினைவூட்டுகின்றது.

ஈண்டு நாம் கருத்திற்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. 1870இல் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்ட றிச்சட் பேட்டன், வேதாளத்தை ‘வாம்பயர்’ என்றே பெயரிட்டார். பிணத்தைப் பற்றி நிற்றலால் அப்பெயர் ஓரளவு பொருந்துவதுபோலத் தோன்றலாம். ஆயின் முருங்கைமரம் ஏறும் நம் வேதாளம் குருதி நாடுவதன்று. கதை கூறி, வினா எழுப்பி, அரசனின் அறிவைச் சோதிப்பது. பெயரொற்றுமை கொண்டு இரண்டனையும் ஒன்றெனக் கொள்ளுதல் தகாது.

ஆகவே, இக்கதைகளைக் கற்போர் பேயின் பல்லை மட்டும் நோக்காது, அது யார்மீது சுமத்திய பழி என்பதையும் நோக்குதல் வேண்டும். காரணம் அறியாத துன்பத்திற்குக் குற்றவாளி ஒருவரை நாடுதல் மனித இயல்பு. கிசிலோவாவிற் கண்டதைக் கண்டவாறே எழுதிய அலுவலரின் குறிப்பே பிற்கால ஆராய்ச்சியாளர்க்கு உண்மையை உணர்த்திற்று. கண்டதையும் கருதியதையும் வேறு பிரித்தறிதலே கல்வியின் பயன்.