பவளக்காலியின் முழங்கால் எங்கே?

கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி உள்வாங்கும்போது, கரையோரச் சேற்றில் சிவந்த நீண்ட கால்களோடு இரை தேடி நடக்கும் பறவை நெடுங்கால் உள்ளான். பவளக்காலி என்றும் சொல்வார்கள். நீர்ப்பூச்சி, சிறு நத்தை, புழு ஆகியவை அதன் உணவு. அது நடப்பதைப் பார்க்கும் எவருக்கும் ஒரு சந்தேகம் வரும். நமக்கு முன்பக்கம் மடியும் முழங்கால், இதற்கு மட்டும் ஏன் பின்பக்கம் மடிகிறது?

உண்மையில் அது முழங்காலே அல்ல, கணுக்கால்.

'கால்' என்ற சொல் மிக விரிந்தது. "கால் வலிக்கிறது" என்றால் இடுப்புக்குக் கீழே எங்கும் இருக்கலாம். "காலைக் கழுவிவிட்டு வா" என்றால் பாதம் மட்டும். உடற்கூறியல் இவ்வளவு தாராளமாக இருக்க முடியாது. தொடை, முழங்கால், கணைக்கால், கணுக்கால், பாதம் என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுக்கிறது. மருத்துவப் பாடநூலில் 'லெக்' என்பதே முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதிதான். தமிழில் அது கணைக்கால்.

இந்தச் சொற்களோடு கோழிக்கறிக் கடைக்குப் போனால் விஷயம் விளங்கிவிடும். லெக் பீஸின் மேல்துண்டு தொடை, கீழ்த்துண்டு கணைக்கால். இரண்டும் சேரும் மூட்டுதான் கோழியின் முழங்கால். நம்முடையதைப் போலவே அது முன்பக்கம்தான் மடியும். உயிருள்ள கோழியில் இறகு மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடைக்காரர் வெட்டித் தனியே வைக்கும் செதிலுள்ள கீழ்ப்பகுதி பாதம். சூப்புக்கு அதைக் 'கோழிக்கால்' என்று கேட்டு வாங்குகிறோம்.

பவளக்காலிக்கும் இதே அமைப்புதான். கணுக்கால் எலும்புகளில் சிலவும் பாத எலும்புகளும் ஒன்றாக இணைந்து ஒரே நீண்ட தண்டாகிவிட்டன. தரையில் படுபவை விரல்கள் மட்டுமே. தசைகளில் பெரும்பகுதி உடலை ஒட்டி மேலே இருக்க, அங்கிருந்து இறங்கும் தசைநாண்கள் விரல்களை இயக்குகின்றன. அதனால் கீழ்ப்பகுதி மெலிந்து, எடை குறைந்து, இறகு நனையாமல் நீரில் நடக்க உதவுகிறது. ஏரிக்கரையில் மேயும் எருமையின் பின்னங்காலில் பின்னோக்கித் துருத்தும் மூட்டும் கணுக்கால்தான்.

பொதுச்சொல் பேச்சுக்குப் போதும். உடலின் அமைப்பைப் புரிந்துகொள்ளத் துல்லியமான சொல் வேண்டும். அடுத்த முறை ஏரிக்கரைக்குப் போனால், குதிகாலை உயர்த்தி நுனிவிரலில் நின்று, முழங்காலைச் சற்றே மடித்துப் பாருங்கள். பவளக்காலி வாழ்நாள் முழுவதும் நிற்பது அப்படித்தான்.