வைக்கோல் உண்ணும் செம்மறிக்குத் துணைத்தீனி

வறட்சிக் காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்மறிகள் காய்ந்த புல்லையும் வைக்கோலையும் வயிறு நிறையத் தின்றும் மெலிவதைக் காண்கிறோம். இதற்குக் காரணம் தீனியின் அளவன்று, அதன் இயல்பேயாகும்.

செம்மறி அசைபோடும் விலங்கு. அதன் முதலிரைப்பையில் வாழும் நுண்ணங்கிகளே நார்ப்பொருளைச் சமிபாடடையச் செய்கின்றன. அவை பெருகுவதற்கு நைதரசன் வேண்டும். தீனியின் உலர்நிறையில் ஏறத்தாழ 7 வீதம் புரதம் இல்லாவிடின் அவற்றின் தொழில் தளர்கின்றது. நெல் வைக்கோலிலோ 4 வீதமளவே உண்டு. சமிபாடு தாமதிக்க, இரைப்பை நிரம்பியே கிடக்கின்றது. விலங்கும் மேலும் உண்ணாது வாடுகின்றது.

ஆதலின் நாம் முதலில் ஊட்டவேண்டியது நுண்ணங்கிகளையே எனலாம். சோறு, கஞ்சி முதலிய மாப்பொருளை மிகையாகக் கொடுப்பின் இரைப்பையில் அமிலத்தன்மை கூடி, நாரைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் குன்றும். மாறாக, நாள்தோறும் சிறிதளவு எள்ளுப் பிண்ணாக்கோ கிளிரிசிடியாக் குழையோ சேர்த்தல் நன்று. இக்குழையின் உலர்நிறையில் ஏறத்தாழ 20 வீதம் புரதம் உண்டு.

யூரியாவும் பயன்படும். 100 கிலோகிராம் வைக்கோலுக்கு 4 கிலோகிராம் யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாது மூன்று வாரம் மூடிவைத்தல் வேண்டும். யூரியாவிலிருந்து தோன்றும் அமோனியா நாரை இளக்கும். திறந்து ஆறவிட்ட பின்னரே ஊட்டலாம். ஆயின் யூரியாவைத் தனியாகவோ குடிநீரிலோ கொடுத்தலாகாது. அமோனியா குருதியிற் கலந்து ஆடு சடுதியில் இறக்கக்கூடும்.

துணைத்தீனி வைக்கோலுக்குப் பதிலீடன்று. வைக்கோலைப் பயன்படச் செய்யும் வழியே. இதனையுணரின், வேலியில் நிற்கும் குழையே சிறு விவசாயியின் மந்தையைக் கோடை கடக்கச் செய்யும்.