பட்டும் சலவைச் செலவும்

பட்டுப் புடவையை விலை கொடுத்து வாங்குவதோடு செலவு முடிந்துவிடுவதில்லை என்பதை இல்லத்தரசிகள் நன்கு அறிவர். விசேஷ நாளில் ஒருமுறை உடுத்திய சேலையை உலர் சலவைக்கு அனுப்பினால், அது திரும்பும்போது உடன் வரும் ரசீது மனத்தைச் சற்றே கலங்கச் செய்கிறது. இந்தக் கட்டணம் உயர்ந்துகொண்டே வருகிறது. இது வாங்குவோரின் கவலை மட்டுமன்று; தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரின் கவலையும், மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் விவசாயியின் கவலையும் ஆகும். விற்பனை நிலையத்திற்கு வருவோர் நிறத்தையும் விலையையும் கேட்டபின், "இதை வீட்டில் துவைக்கலாமா?" என்று வினவுகின்றனர். "கூடாது" என்ற விடை கிடைத்ததும் பலர் சேலையை வைத்துவிட்டுச் செயற்கை இழைத் துணியை நாடிச் செல்கின்றனர்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 6,000 ரூபாய்ச் சேலை ஒன்றுக்கு ஒரு சலவைக்கு 300 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது சலவைகளில் சேலையின் முழு விலையும் சலவைக்கே சென்றுவிடுகிறது. நெய்தவருக்குக் கிட்டிய கூலியைவிடச் சலவைக்குச் செல்லும் தொகை மிகுந்துவிடும் நிலை இது.

இதற்காகச் சலவைத் தொழிலாளரை நாம் குறைகூற முற்படவில்லை. 'உலர் சலவை' என்று பெயரே தவிர, அது உலர்ந்த முறையன்று. தண்ணீருக்குப் பதிலாக வேறொரு திரவத்தில் துணியை அலசுவதே அதன் இயல்பு. முற்காலத்தில் பெட்ரோலியத்திலிருந்து பெற்ற திரவங்களைக் கொண்டு இதனைச் செய்தமையால், நம் ஊர்களில் 'பெட்ரோல் வாஷ்' என்ற பெயரும் வழங்கிற்று. பின்னர் பெர்குளோரோஎத்திலீன் என்னும் இரசாயனம் உலகெங்கும் பரவியது. இயந்திரம் துணியைத் திரவத்தில் சுழற்றி, திரவத்தை வடித்து, வெந்காற்றால் உலர்த்துகிறது. அழுக்கேறிய திரவத்தை மீண்டும் காய்ச்சி வடித்தே பயன்படுத்த வேண்டும். இயந்திர முதலீடு, திரவத்தின் விலை, மின்சாரம், நீராவி, கடை வாடகை, கறை நீக்கவும் தேய்க்கவும் வல்லவரின் கூலி ஆகிய யாவும் கட்டணத்தில் அடங்கியுள்ளன. இவற்றுள் எது ஏறினாலும் கட்டணமும் ஏறும்.

மற்றொரு காரணமும் உண்டு. பெர்குளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் எனக் கருதத்தக்கது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-ல் வகைப்படுத்தியது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2007-ல் விதி வகுத்து, 2023 முதல் உலர் சலவையில் அதனை முற்றிலும் விலக்கியது. 2024 டிசம்பரில் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமும், பத்தாண்டுகளில் படிப்படியாக அதனை நிறுத்தும் விதியை வெளியிட்டது. மாற்றுத் திரவத்திற்கும் புதிய இயந்திரத்திற்கும் பணம் வேண்டும். தொழிலாளரின் நலனுக்கு ஆகும் இச்செலவை வேண்டாமென்று கூற எவருக்கும் மனம் வராது. ஆகவே, கட்டணம் குறையும் என்று காத்திருப்பதைவிட, சலவைக்கு அனுப்பும் தேவையைக் குறைப்பதே அறிவுடைமை.

பட்டைத் தண்ணீர் கெடுக்கிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது முழு உண்மையன்று. பட்டு நூலின் பசையை நீக்குவதும் சாயமேற்றுவதும் வெந்நீரில்தானே நடைபெறுகின்றன? பட்டைக் கெடுப்பவை காரமிகுந்த சோப்பு, முறுக்கிப் பிழிதல், சுடுவெயில் ஆகியவையே. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை மற்றொரு நிறம். ஒன்றின் சாயம் இறங்கி மற்றொன்றில் ஏறிவிடுமோ என்ற அச்சமே பெரும்பாலோரை உலர் சலவைக்குத் துரத்துகிறது. அந்த அச்சத்திற்கு விடை சலவை நிலையத்தில் இல்லை; நம் சாயப்பட்டறையில் இருக்கிறது. சாயத்தை உரிய சூட்டில், உரிய நேரம் ஏற்றி, தெளிந்த நீர் வரும்வரை அலசிய நூலே தறிக்கு ஏற வேண்டும். அவசரத்தில் ஓர் அலசலைக் குறைப்பவர், வாங்குவோர் தலையில் ஆண்டுதோறும் ஒரு செலவை ஏற்றுகிறார் என்பதை உணரவேண்டும்.

வாங்குவோர்க்கும் சில வழிகள் உண்டு. உடுத்திய சேலையை உடனே மடித்து வைக்காமல் நிழலில் காற்றாட விடுக. நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியைச் சேலையின் உட்புற ஓரத்தில் அழுத்திப் பார்க்க. ஒவ்வொரு நிறத்தையும் இவ்வாறு சோதித்தல் நலம். சாயம் ஒட்டினால் வீட்டில் நனைக்க வேண்டா. ஒட்டாவிடின், ஜரிகை மிகுதியில்லாத சேலையைப் பூந்திக்கொட்டை ஊறிய குளிர்ந்த நீரில் மென்மையாக அலசி, பிழியாமல் நிழலில் உலர்த்தி, மெல்லிய துணியை மேலிட்டு மிதமான சூட்டில் தேய்க்கலாம். கனத்த ஜரிகைச் சேலையையும் எண்ணெய்க் கறையையும் கைதேர்ந்தவரிடமே விடுதல் நன்று. ஆனால் வியர்வையும் பாயசக் கறையும் தண்ணீரில் கரைபவை. உலர் சலவைத் திரவம் மட்டும் அவற்றை நீக்காது. இன்ன கறை என்று சொல்லியே கொடுக்க வேண்டும். பருத்தித் துணியில் சுற்றி வைத்து, அவ்வப்போது மடிப்பை மாற்றினால் இழை முறியாது.

நம் சங்கங்கள் செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, ஒவ்வொரு சேலையுடனும் அதன் சாயம், ஜரிகை, பராமரிப்பு முறை ஆகியவற்றைத் தெளிந்த தமிழில் அச்சிட்ட சீட்டு ஒன்றை வைத்தல். வீட்டில் துவைக்கத் தகாத சேலையைத் தகும் என்று ஒருபோதும் எழுதலாகாது. இரண்டாவது, பெரிய நெசவூர்களில் பல சங்கங்கள் ஒன்றுகூடிப் பொதுச் சலவை நிலையம் ஒன்றை அமைக்க இயலுமா என்று ஆராய்தல். ஒருவரால் வாங்க இயலாத இயந்திரத்தைப் பலர் கூடி வாங்குவதற்காகவே கூட்டுறவு தோன்றிற்று. தனித்தனி நெசவாளரால் காண இயலாத சந்தையை 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் தேடித் தந்தது. அதே வழியில் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

விற்றவுடன் நம் கடமை முடிந்தது என்று எண்ணினால் அடுத்த சேலை விற்காது. பெட்டியில் அஞ்சிப் பூட்டி வைத்த பட்டு, புதிய பட்டுக்கு வழி விடுவதில்லை. அச்சமின்றி அடிக்கடி உடுத்தப்படும் சேலையே நெசவாளருக்கு மறு வேலையைக் கொண்டுவரும். சங்க அன்பர்கள் இதனை அடுத்த பொதுக்குழுவில் விவாதிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.