அனுப்புவதா, அனுப்பாதிருப்பதா?

பிள்ளைகளை மேற்படிப்புக்காகக் கடல் கடந்து அனுப்பும் குடும்பங்கள் இன்று நம் பங்குகளில் பல உள்ளன. நிலத்தை அடகு வைத்தும் நகையை விற்றும் பெற்றோர் இதற்குத் துணிகின்றனர். விண்ணப்பம் எழுதும் நாள்களில் அவ்வீடுகளில் எழும் கேள்வி ஒன்றை இங்கே ஆராய்வோம்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவரிடம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்பது வழக்கம். 1964இல் தொடங்கிய டோஃபலும் 1989இல் தொடங்கிய ஐயெல்ட்ஸும் இவற்றுள் பெயர் பெற்றவை. ஆயினும், ஆங்கில வழியில் பயின்றவர்க்குப் பல பல்கலைக்கழகங்கள் விலக்கு அளிக்கின்றன. விரும்பினால் மட்டும் அனுப்புக என்கின்றன. இந்த ‘விரும்பினால்’ என்னும் சொல்லே வீட்டில் கலக்கத்தை விளைவிக்கிறது. அனுப்பாவிடில் எதையோ மறைப்பதாக எண்ணுவரோ? அனுப்பினால் குறை வெளிப்படுமோ?

ஒரு மாணவியை எண்ணிப் பார்ப்போம். ஐயெல்ட்ஸில் உச்ச அளவு 9. அவள் கேட்டலில் 8, வாசித்தலில் 7.5, எழுதுதலில் 6, பேசுதலில் 6.5 பெறுகிறாள். சராசரி 7. பல்கலைக்கழகம் வேண்டுவதும் 7 தான். தந்தை மகிழ்ந்து, “உடனே அனுப்பம்மா” என்கிறார். ஆனால் அறிவிப்பின் அடுத்த வரியோ, எப்பிரிவிலும் 6.5க்குக் குறையலாகாது என்கிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் ஆங்கிலத்தில் அவள் பெற்ற நல்ல மதிப்பெண்கள் ஏற்படுத்திய நம்பிக்கையை, எழுதுதலில் பெற்ற அந்த 6 அசைத்துவிடக்கூடும். விலக்கு உறுதியாக இருப்பின், அவள் அதை அனுப்பாதிருப்பதே நன்று. மாறாக, எழுதுதலில் 7.5 பெற்றிருந்தால், அனுப்புவதே அவளுக்குத் துணை செய்யும். விண்ணப்பத்தில் ஏற்கெனவே உள்ளதைவிட இம்மதிப்பெண் நம் பிள்ளையைப் பற்றி நன்றாகப் பேசுகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

முடிவுக்குமுன் சிலவற்றைச் சரிபார்த்தல் வேண்டும். விலக்கு தமக்குப் பொருந்துவதைப் பல்கலைக்கழகத்திடமிருந்து எழுத்தில் பெறுக. ஆங்கில வழியில் பயின்றதற்கான சான்றிதழைக் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள்க. பிரிட்டன் போன்ற நாடுகளில் விசாவுக்கும் ஆங்கிலத் தகுதியைக் காட்ட வேண்டும். அதைத் தனியே விசாரித்தறிக. மதிப்பெண் இரண்டு ஆண்டுகளே செல்லும் என்பதையும் மறவாதிருப்போம். ஐயெல்ட்ஸைக் கணினியில் எழுதியவர், ஒரே பிரிவை மட்டும் 60 நாள்களுக்குள் மீண்டும் எழுதவும் இப்போது வழியுண்டு. அதை அப்பல்கலைக்கழகம் ஏற்குமா என முதலில் கேட்டறிதல் நலம்.

கேளாததை அனுப்பாதிருத்தல் பொய்யன்று. அவ்வுரிமையைத் தந்தவர் அவர்களே. ஆனால் ‘தேர்வு எழுதினீரா?’ என்று விண்ணப்பம் நேராகக் கேட்டால், ‘ஆம்’ என்றே எழுத வேண்டும். இடம் கிடைப்பதற்காக உண்மையை விற்கக் கற்ற பிள்ளை, எந்தப் பட்டம் பெற்றாலும் இழந்தது பெரிதே.

அனுப்பாத மதிப்பெண்ணும் வீணன்று. எழுதுதலில் தான் பின்தங்கியுள்ளதை அது அவளுக்கு அறிவித்தது. அயல்நாட்டு வகுப்பறையில் நாளும் கட்டுரை எழுத வேண்டியவள் அவளே. புறப்படும் வரையுள்ள மாதங்களில் தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகட்டும். பெற்றோரும் அந்த எண்ணை வைத்து மகளை எடைபோடாது, அவள் முயற்சிக்கு அருகிருந்து ஊக்கமளிப்பாராக.