டேகேர் போகும் குழந்தைக்கு துணி டயப்பர்: சாத்தியமா, யாருக்கு வேலை கூடும்?

முதல் இரண்டு குழந்தைகளுக்கு மகப்பேறு விடுப்பு 26 வாரம். அது முடிந்து வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு அதிகபட்சம் ஆறு மாதம் ஆகியிருக்கும். டேகேரில் சேர்க்கப் போனால் 'ஒரு பாக்கெட் டயப்பர் கொண்டு வாங்க' என்பார்கள். 'வீட்ல துணி டயப்பர்தான்' என்று சொன்னால், 'அதெல்லாம் இங்க செட் ஆகாதுங்க' என்ற பதில் வரலாம்.

உண்மையில் செட் ஆகும். ஒரே நிபந்தனை: ஒருமுறை போட்டு எறியும் டயப்பரைவிட டேகேர் ஊழியருக்கு வேலை கூடக் கூடாது.

டேகேர் ஏன் தயங்குகிறது?

பல குழந்தைகளை ஒரே ஆயா பார்த்துக்கொள்ளும் இடம் அது. துணி என்றதும் அவர் மனதில் வருவது முடிச்சுப் போடும் பழைய லங்கோட். ஒரு முறை சிறுநீர் போனாலே பாய் நனையும், உடனே அலச வேண்டும். இப்போது கிடைக்கும் துணி டயப்பரில் வெளியே நீர் கசியாத உறையும் உள்ளே உறிஞ்சும் பேடும் இருக்கும். பட்டனைப் போட்டால் வேலை முடிந்தது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட குழந்தைகள் காப்பகத் தரநிலை இதை அனுமதிக்கிறது. உள் பேடு முழுவதும் நீர் கசியாத உறைக்குள் இருக்க வேண்டும், இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும், டேகேரில் அலசாமல் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அதாவது, 'நீங்க எதையும் துவைக்க வேண்டாம், கழற்றிப் பையில போட்டா போதும்' என்று நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

பையில் என்ன வைக்க வேண்டும்?

• 9 மணி நேரத்துக்கு 5 டயப்பர். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் 4, அவசரத்துக்கு 1. மலம் போனால் உடனே மாற்ற வேண்டும்.
• பேடை வீட்டிலேயே உள்ளே செருகி, பட்டன் அளவையும் சரிசெய்து அனுப்புங்கள்.
• ஜிப் வைத்த, நீர் கசியாத பை 2. ஒன்று போகும்போது இன்னொன்று துவைக்கப்படும்.
• மேலே விரிக்க மெல்லிய லைனர். சில டயப்பர் க்ரீம்கள் துணியில் ஒட்டிக்கொண்டால் உறிஞ்சும் தன்மை குறையும்.
• எல்லாவற்றிலும் குழந்தையின் பெயர்.

மாலையில் மலத்தைக் கழிப்பறையில் கொட்டி, அலசி, ஒருநாள் விட்டு ஒருநாள் மெஷினில் போடலாம். துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் வேண்டாம். அதுவும் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். மும்பை, பெங்களூரு மழைக்காலத்தில் பேடு சீக்கிரம் காயாது. அந்த நாட்களுக்கு ஒரு சின்ன டயப்பர் பாக்கெட் டேகேரிலேயே இருக்கட்டும்.

பணம் மிச்சமாகுமா?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். சாதாரண டயப்பர் 12 ரூபாய், நாளுக்கு 4, மாதம் 22 வேலை நாள் என்றால் 1,056 ரூபாய். துணி டயப்பர் ஒன்று 600 ரூபாய் என வைத்து 12 வாங்கினால் 7,200 ரூபாய். டேகேர் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய 7 மாதம் ஆகும். சோப்பு, தண்ணீர், மின்சாரம் தனி. நீங்கள் வாங்கும் விலையைப் போட்டுப் பாருங்கள். குழந்தைக்கு ஏற்கனவே ஒன்றரை வயது தாண்டிவிட்டால் லாபம் சந்தேகம்தான்.

சுற்றுச்சூழலுக்கு நல்லதா?

பிரிட்டன் அரசுக்காகச் செய்யப்பட்டு 2023-ல் வெளியான ஆய்வு, ஒரு குழந்தை டயப்பர் போடும் இரண்டரை ஆண்டுக்கான கார்பன் வெளியேற்றத்தைக் கணக்கிட்டது. ஒருமுறை டயப்பருக்கு சுமார் 457 கிலோ, துணிக்கு 345 கிலோ. ஏறக்குறைய 25% குறைவு. துணியில் பெரும் பங்கு துவைப்பதிலும் உலர்த்துவதிலும்தான் போகிறது. கொடியில் காயப்போடும் வீட்டுக்கு இது சாதகம். டிரையரை நம்பினால் இந்த லாபம் கரையும்.

நம் ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. 2016 திடக்கழிவு விதிகள் டயப்பரைப் பாதுகாப்பாகச் சுற்றித் தரச் சொன்னன. சுற்றாமல் போட்டால் அதைக் கையால் பிரிப்பவர் ஒரு தொழிலாளி. புனேயில் 'ஸ்வச்' என்ற குப்பை சேகரிப்போர் கூட்டுறவு, சுற்றிய காகிதத்தில் சிவப்புப் புள்ளி வையுங்கள் என்று இயக்கமே நடத்தியது.

சரி, யார் துவைப்பது?

இதுதான் முக்கியமான கேள்வி. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். டேகேருக்கு வேலை கூடாமல் பார்த்துக்கொண்டு, அதை அப்படியே அம்மாவின் இரவு நேரத்தில் சேர்த்தால் அது மாற்றமே இல்லை. அப்பா மாலையில் அலசி மெஷினில் போடுவாரா என்பதை முதலில் பேசி முடியுங்கள்.

முடியாவிட்டால்? டேகேரில் சாதாரண டயப்பர், வீட்டில் துணி என்று பிரித்துக்கொள்ளலாம். நாளுக்கு இரண்டு டயப்பர் குறைந்தாலும் ஆண்டுக்கு 730 குறையும். முழுதாக மாறுவதாக இருந்தால் டேகேரில் ஒரு வாரம் சோதனைக்குக் கேளுங்கள். முதல் நாள் ஆயாவிடம் ஒருமுறை மாட்டிக் காட்டுங்கள்.