ஏட்டில் உண்டு, காதுக்கு இல்லை: பல்கலைக்கழக நூலகங்களில் ஒலி, ஒளிப் பதிவுகள்

புதுதில்லி:
மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் நூலகங்களுக்கென்று 215ஆம் விதி உள்ளது. 20 ஆயிரம் தொகுதிகள் வரை உள்ள நூலகமானால் ஆண்டுதோறும் இருப்பு முழுவதையும் சரிபார்க்க வேண்டும். 50 ஆயிரம் வரை என்றால் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை; அதற்கு மேற்பட்டால் மாதிரிச் சரிபார்ப்பு போதும். வாசகர் கையில் புழங்கும் ஆயிரம் தொகுதிகளில் ஐந்து காணாமற்போனால், அதில் நேர்மைக்கேடோ கவனக்குறைவோ இல்லாதவரை, இயல்பான இழப்பாகக் கொள்ளலாம். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ, விலை எதுவாயினும் அரிய நூலோ தொலைந்தால் விசாரணை கட்டாயம்.

நூல்களைப் பொறுத்தவரை நியாயமான விதிதான். ஆனால் அதே நூலகத்தின் மூலையில் ஓர் அலமாரியில் ஒலிநாடாக்களும் ஒளிநாடாக்களும் அடுக்கப்பட்டிருக்கின்றன. பதிவேட்டு எண் இருக்கிறது; பெட்டி இருக்கிறது; உறையின்மேல் நூலக முத்திரை இருக்கிறது. சரிபார்க்க வருபவர் 'உள்ளது' என்று குறியிட்டுவிட்டுப் போகலாம். பெட்டிக்குள் இருக்கும் நாடாவில் குரல் இன்னும் இருக்கிறதா என்ற கேள்விக்கு விதியில் இடமில்லை. பூஞ்சை பிடித்து, காந்தப்பூச்சு உதிர்ந்து, ஓட்டிப் பார்க்க இயந்திரமும் இல்லாத நாடா, அரசாங்கக் கணக்கில் இன்றும் முழு நலத்துடன் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நம் பல்கலைக்கழகங்கள் ஒலி, ஒளிப் பதிவுகளைத் தேர்ந்தெடுப்பதும், வாங்குவதும், காப்பதும் நூலுக்கென வகுத்த சட்டகத்துக்குள்தான் நடைபெறுகின்றன. எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று யாரும் கூடி முடிவெடுப்பதில்லை. முடிவு தானாகவே நடந்துவிடுகிறது.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நூல் வாங்கும் முறை அனைவரும் அறிந்ததே. துறை ஆசிரியர்கள் பட்டியல் தருவார்கள். நூலகக் குழு ஒப்புதல் அளிக்கும். துறைவாரியாகப் பகிர்ந்த நிதியிலிருந்து நூல்கள் வந்து சேரும். நூல் ஒன்றைப் பத்து நிமிடம் புரட்டினால் அதன் தரம் ஓரளவு தெரிந்துவிடும். ஆவணப்படத்தை அப்படிப் புரட்ட முடியாது. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாக வேண்டும். நூறு படங்களின் பட்டியல் என்றால் 150 மணி நேரம். எந்த நூலகக் குழு உட்காரும்? எனவே பெயரைப் பார்த்தும், விநியோகஸ்தரின் விளம்பரத் தாளைப் பார்த்தும் தேர்வு முடிகிறது. பாடநூலின் பின்னட்டை உறையில் செருகப்பட்டு வந்த குறுந்தகடுகளும், அரசுத் துறைகளும் தூதரகங்களும் அன்பளிப்பாகத் தந்தவையும் மிச்ச இடத்தை நிரப்பிவிடுகின்றன.

விலையிலும் சிக்கல் உண்டு. ஒரே படத்துக்கு வீட்டில் பார்ப்போருக்கு ஒரு விலை, நிறுவனத்துக்குப் பல மடங்கு விலை. கூட்டமாகக் காட்டும் உரிமைக்கான தொகை அது என்பது தயாரிப்பாளரின் விளக்கம். குறைந்த விலைப்புள்ளியையே ஏற்றுப் பழகிய தணிக்கையாளருக்கு இதைப் புரியவைப்பது எளிதல்ல. இத்தனைக்கும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் பணிகளின்போது அதன் ஊழியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்துடன் தொடர்புடையோர் ஆகியோருக்கு மட்டும் படம் காட்டுவதை மீறலாகக் கருதுவதில்லை. அந்த வரியைக் காட்டிப் பேரம் பேசும் துணிவு நூலகருக்கு வேண்டும்.

படம் வந்து சேர்ந்த பிறகு அடுத்த கேள்வி: இதன் ஆசிரியர் யார்? இயக்குநரா, தயாரிப்பாளரா, பணம் கொடுத்த அமைச்சகமா? பொறுப்பு பலரிடம் சிதறிக் கிடப்பதால், உலகெங்கும் வழங்கும் பட்டியலிடும் விதிகள் பெரும்பாலும் திரைப்படத்தை அதன் தலைப்பின் கீழேயே பதியச் சொல்கின்றன. அந்தத் தலைப்பையும் உறையிலிருந்து எடுக்காமல் திரையில் ஓடும் எழுத்துகளிலிருந்து எடுப்பதே முறை. அதாவது, பட்டியலிடுபவரும் படத்தை ஓட்டியாக வேண்டும். பொருள் குறிப்பு எழுதாத படம் நூலகத்தில் இருந்தும் இல்லாததே. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, 1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்த எஸ்.ஆர்.அரங்கநாதன் தம் ஐந்து விதிகளில் முதலாவதாகப் பயன்பாட்டை வைத்ததன் காரணமும் இதுவே.

சட்டம் மறந்த பதிவுகள்

1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்குச் செல்ல வேண்டும். பின்னர் 1956இல் நாளிதழ்களும் பருவ இதழ்களும் சேர்க்கப்பட்டன. திரைப்படத்துக்கும் இசைத்தட்டுக்கும் ஒலிநாடாவுக்கும் இச்சட்டத்தில் இடமில்லை. பல்கலைக்கழக நூலகம் வாங்காமல் விட்ட நூலை வேறெங்காவது தேடிப் பிடிக்கலாம். வாங்காமல் விட்ட ஆவணப்படத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

பதிப்புரிமைச் சட்டத்திலும் இதே மறதி. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலைப் பொது நூலகம் மூன்று படி எடுத்துக்கொள்ளலாம். அந்த வரி நூல், சிற்றேடு, இசைக்குறிப்புத் தாள், வரைபடம் ஆகியவற்றைப் பெயர் சொல்லி அழைக்கிறது. படத்தையும் ஒலிப்பதிவையும் அழைக்கவில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மட்டும், நூலகத்திடம் ஏற்கெனவே உள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக மின்னணு வடிவில் சேமிக்க இலாப நோக்கற்ற பொது நூலகங்களுக்கு வழி திறந்தது. அது சேமிப்பதைப் பற்றித்தான் பேசுகிறது.

நாடாளுமன்றம் நினைத்தால் கதவு திறக்கும் என்பதற்கு அதே திருத்தமே சான்று. பார்வையற்றோரும் பிற மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய வடிவில் படைப்புகளை மாற்றித் தர அது அனுமதித்தது. இது தொடர்பான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதல் நாடாக இந்தியா ஏற்று உறுதிசெய்தது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக நூலகத்தின் ஹெலன் கெல்லர் பிரிவு போன்ற இடங்களில் பார்வையற்ற மாணவர்கள் பாடங்களைக் காதால் படிக்க முடிகிறதென்றால், அத்தகைய பணிக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. அந்த மாணவர்களும் அவர்களது அமைப்புகளும் நெடுங்காலம் போராடிப் பெற்றது அது.

இயந்திரம் போனால் நாடாவும் போகும்

1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக்குழுவின் 'நாடு தழுவிய வகுப்பறை' தூர்தர்ஷனில் தொடங்கியது. சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கும் பெருநகரப் பேராசிரியரின் பாடம் கிட்ட வேண்டும் என்பது நோக்கம். தில்லி ஜாமியா மிலியா முதல் சென்னை அண்ணா பல்கலைக்கழகம், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வரை பல இடங்களில் இதற்கான தயாரிப்பு மையங்கள் இயங்கின. 1993இல் இவற்றை ஒருங்கிணைக்கக் கல்வித் தொடர்புக் கூட்டமைப்பு தில்லியில் நிறுவப்பட்டது.

அந்நாளைய தொலைக்காட்சித் தயாரிப்பில் புழங்கிய யூ-மேடிக் நாடாவை ஓட்டும் இயந்திரம் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. வீடுகளில் இருந்த வி.எச்.எஸ். வகையின் கடைசி உற்பத்தியாளரான ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்தநாடாப் பதிவுகளை 2025ஆம் ஆண்டளவில் மின்னணு வடிவுக்கு மாற்றாவிட்டால் அவற்றை மீட்கும் வாய்ப்பே போய்விடும் என்று யுனெஸ்கோவும் உலக ஒலி, ஒளிக் காப்பகச் சங்கமும் 2019இல் எச்சரித்தன. அந்த ஆண்டும் வந்துவிட்டது.

மாற்றுவது பொத்தானை அழுத்தும் வேலையன்று. ஒரு மணி நேர நாடாவை ஒரு மணி நேரம் ஓட்டித்தான் பதிய முடியும். ஒரு நூலகத்தில் ஒரு மணி நேர நாடாக்கள் 5,000 இருப்பதாகக் கொள்வோம். ஓர் இயந்திரம் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் பழுதின்றி ஓடினாலும், ஆண்டுக்கு 250 வேலை நாள் கணக்கில் மூன்றாண்டுகளுக்கு மேலாகும். காப்பகத் தரத்தில் ஒரு மணி நேர ஒலிக்குச் சுமார் 2 ஜி.பி. இடம் போதும், சுருக்காத ஒளிப்பதிவுக்கோ 100 ஜி.பி. அளவுக்குத் தேவைப்படும். இடத்தை ஒருமுறை வாங்கினாலும் ஓய முடியாது. வன்தட்டும் சில ஆண்டுகளில் கெடும். படியெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தில்லியில் கோடையில் 45 டிகிரி வெப்பம், அதன் பின்னே மழைக்காலப் புழுக்கம். குளிர்சாதனத்தை மாலை ஆறு மணிக்கு நிறுத்திவிடும் கட்டடத்தில் நாடா எத்தனை நாள் தாங்கும்? பதிவேட்டில் 'கடைசியாக ஓட்டிப் பார்த்த நாள்' என்று ஒரு கட்டம் சேர்ப்பதற்காவது எந்த அமைச்சகத்தின் அனுமதியும் தேவைப்படாது.

திரையிடலும் தயக்கமும்

தேர்வைத் தீர்மானிப்பது பணமும் இயந்திரமும் மட்டுமல்ல. ஆனந்த் பட்வர்தனின் 'ராம் கே நாம்' 1992இல் வெளிவந்தது. தணிக்கைக் குழுவிடம் 'யு' சான்றும், தேசிய விருதும் பெற்றது. நீதிமன்ற உத்தரவின் பேரில் தூர்தர்ஷனிலேயே ஒளிபரப்பானது. அப்படிப்பட்ட படத்தை 2019 ஆகஸ்டில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் திரையிட்டபோது போலீசார் புகுந்து மாணவர்களைப் பிடித்துச் சென்றனர்.

2023 ஜனவரியில் பிரதமர் மோடி குறித்த பி.பி.சி. ஆவணப்படத்தின் இணைப்புகளை யூடியூபிலும் ட்விட்டரிலும் முடக்க மத்திய அரசு ஆணையிட்டது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் அதைத் திரையிட முனைந்த இரவில் மின்சாரம் நின்றது. அவர்கள் கைப்பேசிகளிலும் மடிக்கணினிகளிலும் பார்த்தனர். மறுநாள் ஜாமியாவில் திரையிடலுக்கு முன்பே மாணவர்கள் பிடிக்கப்பட்டனர். தில்லிப் பல்கலைக்கழகத்திலும் அதே கதை. முடக்கத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களில் மூத்த பத்திரிகையாளர் என்.ராமும் ஒருவர்.

இவை நூலகங்கள் நடத்திய திரையிடல்கள் அல்ல. ஆனால் சேதி நூலகரின் மேசைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். எதிர்ப்புக் கிளப்பக்கூடிய நூல் அலமாரியில் சத்தமின்றி இருந்துவிடலாம். படம் அப்படியன்று; திரை வேண்டும், அறை வேண்டும், அனுமதி வேண்டும். பட்டியலிலிருந்து அதை நீக்க யாரும் ஆணையிட வேண்டியதில்லை. அடுத்த முறை யாரும் பரிந்துரைக்காமல் இருந்தாலே போதும். தடையைவிட இந்தத் தயக்கமே அஞ்சத்தக்கது. தடையை எதிர்த்து வழக்குப் போடலாம். தயக்கத்தை எதிர்த்து எந்த நீதிமன்றத்தில் போடுவது?

சொந்தமா, வாடகையா?

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13 ஆயிரம் ஆய்விதழ்கள். 6,300 அரசு நிறுவனங்கள். ஆய்விதழ்களுக்கு இவ்வளவு பெருந்தொகை ஒதுக்கிய அரசு, தன் பல்கலைக்கழகங்களே பதிந்த ஒலியையும் ஒளியையும் காக்கவும் இத்தகைய தேசியத் திட்டம் ஒன்றை வகுத்திருக்கலாம். சந்தா முறைக்கு இன்னொரு முகமும் உண்டு. படங்களை வட்டாக வாங்கிய காலத்தில் நூலகத்துக்கு ஒரு பொருள் சொந்தமாயிற்று. இணையவழிச் சந்தாவில் அதற்குக் கிடைப்பது பார்க்கும் அனுமதி மட்டுமே. பணம் நின்றால் படமும் நிற்கும். விநியோகஸ்தர் ஒரு படத்தை நீக்கினால் நூலகத்திலும் அது இராது.

வேறு வழிகளும் நடைமுறையில் இருக்கின்றன. தில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையம் நடத்தும் தேசியப் பண்பாட்டு ஒலி, ஒளிக் காப்பகம், நாட்டின் பல நிறுவனங்களின் பதிவுகளை மின்னணு வடிவில் திரட்டி, நம்பகமான மின்னணுக் காப்பகத்துக்கான உலகத் தரச் சான்றை முதன்முதலில் பெற்றது.

தில்லியை அடுத்த குருகிராமில் இருக்கும் அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இசைக் காப்பகம் இன்னும் பழையது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இந்தியாவில் பதிந்து தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றவற்றின் படிகளைத் திரும்பக் கொண்டுவருவதற்காக 1982இல் அது தொடங்கப்பட்டது. டச்சு ஆய்வாளர் அர்னால்ட் பேக் 1938இல் தமிழகத்திலும் கேரளத்திலும் கன்னட நாட்டிலும் பதிந்த பாடல்கள் அவ்வாறு திரும்பியவற்றுள் அடங்கும். 1984இல் நசீர் ஜைராஸ்பாய் அப்பதிவுகளோடு தென்னகம் வந்து, பேக் சென்ற இடங்களுக்கே மீண்டும் சென்று மறு ஆய்வு செய்தார். இக்காப்பகத்தில் பதிவுகளை ஒப்படைக்கும் ஆய்வாளர், யார் கேட்கலாம், யார் படியெடுக்கலாம் என்பதை எழுத்தில் குறித்துத் தருகிறார். ஒவ்வொரு தொகுப்பும் அந்த ஒப்பந்தத்தின்படியே கேட்பவர் கைக்குப் போகிறது.