தபாலில் வரும் தூரிகை

நெதர்லாந்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கப்படும் பெண்களில் பெரும்பாலோருக்கு, 2023 ஜூலை முதல் அழைப்புக் கடிதத்தோடு ஒரு சிறு தூரிகையும் தபாலில் வருகிறது. அதைப் பெண்ணுறுப்புக்குள் செலுத்தி ஐந்து சுற்றுச் சுழற்றி, மூடியிட்டு, உறையில் போட்டு அனுப்பிவிட வேண்டும். திரவமும் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம்.

பயிற்சி பெற்ற மருத்துவர் மாதிரி எடுப்பதும் குளியலறையில் நின்றபடி தானே எடுப்பதும் ஒன்றாகுமா? ஆய்வகம் எதைத் தேடுகிறது என்பதைப் பொறுத்தது. பழைய பாப் சோதனைக்கு ஒன்றாகாது. அதில் கருப்பை வாயின் செல்களை நுண்ணோக்கியில் வைத்து உருவத்தைப் பார்க்கிறார்கள். தானே எடுக்கும் தூரிகையில் ஒட்டுவது பெரும்பாலும் யோனிச் சுவரின் செல்கள். அவையும் காய்ந்து உருக்குலைந்துதான் ஆய்வகம் போய்ச் சேரும்.

ஆனால் இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லா நேரமும் எச்பிவி வைரஸால் வருவது. கருப்பை வாயிலிருந்து உதிரும் செல்கள் வைரஸின் டிஎன்ஏவையும் சுமந்துகொண்டு கீழே இறங்குகின்றன. செல் சிதைந்தாலும் டிஎன்ஏ எளிதில் அழிவதில்லை. உலர்ந்த தூரிகைகளை 4 முதல் 30 டிகிரி வெப்பத்தில் 32 வாரம் வரை வைத்துச் சோதித்த ஓர் ஆய்விலும் முடிவுகள் மாறவில்லை. (சித்திரை வெயிலில் காயும் நம் ஊர்த் தபால் பெட்டிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.)

பெண்ணின் கையைவிட ஆய்வக இயந்திரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பேன். 56 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஓர் அலசல் இதைத் தெளிவாக்கியது. டிஎன்ஏவைப் பலமடங்கு பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் வகைச் சோதனைகளில், தானே எடுத்த மாதிரி மருத்துவர் எடுத்ததற்கு ஏறக்குறைய ஈடாக நின்றது. டிஎன்ஏவைப் பெருக்காமல் அதன் சமிக்ஞையை மட்டும் கூட்டிக் காட்டும் சோதனைகளோ கூடுதலான நோய்களைத் தவறவிட்டன. தூரிகையில் வைரஸ் குறைவாகவே இருக்கும் என்பதுதான் காரணம்.

சரியாக எடுக்காவிட்டால்? பல சோதனைகள் வைரஸோடு மனித மரபணு ஒன்றையும் சேர்த்தே தேடுகின்றன. அது அகப்படாவிட்டால் மாதிரி செல்லாது, மறுபடி எடுக்கச் சொல்வார்கள். வெறும் தூரிகைக்கு ‘வைரஸ் இல்லை’ என்ற சான்று கிடைத்துவிடாது.

வைரஸ் இருப்பதாக முடிவு வந்தால் தபால் உதவாது. செல்களைப் பார்க்க மருத்துவரிடம் போய்த்தான் ஆக வேண்டும். மருத்துவர்முன் கால் அகட்டிப் படுக்கக் கூசியே தூரிகையைத் தேர்ந்தவர்களை இந்த இரண்டாம் படிக்கு வரவைப்பதுதான், பரிசோதனை நடத்துபவர்களுக்குப் பெரும்பாடு.